திரும்பி வந்த தட்டு



இவ்வாரத் தியானப் பகுதிகள்: நெகேமியா 8:9-12, கலாத்தியர் 2:11-14

ஆகமன காலம் பிறந்துவிட்டது. குற்றாலத்து மலைமேல் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் இறங்கி நிற்கின்றன. சிற்றாற்றில் நீர் பெருகி ஓடுகிறது. வீடுகளுக்கு வெள்ளையடித்து வாசலில் நட்சத்திரம் கட்டும் வேலையும் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் நம் அடுக்களைகளிலிருந்து சிறுபயறு வறுபடும் மணம் தெருவரைக்கும் எட்டும். சிறுவயதில் அந்த மணத்தைக் கொண்டே கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

சென்ற ஆண்டு பண்டிகை முடிந்தபின், நம் சபையின் சகோதரிகள் சிலர் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தின் பக்குவத்தை எழுதித் தருமாறு கேட்டார்கள். பலர் வெல்லம் சேர்த்துச் செய்யும் அப்பண்டத்தை எங்கள் வீட்டில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் செய்வதால் அதற்கு ஒரு தனிச்சுவை உண்டு என்றார்கள். எழுதித் தருவதாக வாக்களித்தேன். ஆனால் எழுத அமர்ந்தபோது, பக்குவத்தை மட்டும் எழுதி முடித்துவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அந்தப் பக்குவம் எங்கள் வீட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதையும் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதில் எங்கள் குடும்பத்தின் குறையொன்றும் அடங்கியிருக்கிறது. நம் திருச்சபையின் நெடிய குறையொன்றும் அடங்கியிருக்கிறது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

பெயர் சொல்லும் செய்தி

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு குழந்தை அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, முந்திரி எங்கே என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. இன்று நாம் முந்திரி என்று சொல்லும் மரம் இந்த மண்ணுக்கு உரியதன்று. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்ட அதனைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் முந்திரி என்னும் சொல் நம்மிடையே வேறொரு கனிக்கும் வழங்கியது. திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்பது பெயர். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் சென்றால், மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சையே. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சி ஆட்சியின்கீழ் இருந்தது என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். மலையின் இரு புறத்துச் சொற்களும் நம் பகுதிக்குப் பழக்கமானவை.

மூன்று உருண்டைகளைச் சேர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் இட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சிறு திராட்சைக் குலைபோல் மேலே எழும்பி வரும். ஆகவே அது முந்திரிக்கொத்து ஆயிற்று. நம்முடைய வேதாகமத்தில் திராட்சை என்ற சொல்லையே வாசிக்கிறோம். பழைய சொல்லோ நம் அடுக்களையில் தங்கிவிட்டது. எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில், கானானை வேவுபார்க்கச் சென்றவர்கள் எஸ்கோல் பள்ளத்தாக்கில் ஒரே திராட்சைக்குலையை அறுத்து, அதை ஒரு தடியில் கட்டி இருவராகச் சுமந்துவந்தார்கள் என்று படிக்கிறோம். தேவன் வாக்களித்த தேசத்தின் முதல் கனி, ஒருவர் தனித்துச் சுமக்கக்கூடிய அளவில் இருக்கவில்லை. முந்திரிக்கொத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்தப் பகுதி என் நினைவுக்கு வருகிறது.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். முந்திரிக்கொத்து கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த பண்டம் அன்று. நாஞ்சில் நாட்டிலும் தென் கேரளத்திலும் திருமண வீடுகளில் இடம்பெறும் பலகாரம் இது. தீபாவளிக்கு இதனைச் செய்யும் இந்துக் குடும்பங்கள் பல உண்டு. நம் முன்னோர் சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்டபோது புதிய உணவு எதையும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஊரார் மகிழ்ச்சியின் நாளில் எதைச் செய்தார்களோ, அதையே எடுத்துத் தங்கள் மீட்பரின் பிறப்பு நாளுக்கும் செய்தார்கள். நம் பண்டிகைத் தட்டில் இருப்பது நாம் அயலாரிடமிருந்து பெற்றுக்கொண்டது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

கேட்டவர்களுக்காகப் பக்குவம்

சிறுபயறு 500 கிராம், கருப்பட்டி 400 கிராம், ஒரு சிறிய தேங்காயின் துருவல், எள் 50 கிராம், ஏலக்காய் 8, விரல்நுனி அளவு சுக்கு ஆகியவை உள்ளே வைக்கும் பூரணத்துக்குரியவை. மேல்மாவுக்குப் பச்சரிசி 250 கிராம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், சிறிது உப்பு.

சிறுபயறை எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்து, ஆறவைத்து, திரித்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கிக்கொள்ள வேண்டும். மாவு மிகவும் நைஸாக இருக்கலாகாது. ரவைப் பதத்தில் இருந்தால் போதும். எள்ளைத் தனியே வறுத்துக்கொள்ளலாம். தேங்காய்த் துருவலைச் சிறு தீயில் பொன்னிறமாகும்வரை வறுக்கவேண்டும். அதில் ஈரம் தங்கிவிட்டால் பண்டம் சில நாட்களிலேயே கெட்டுவிடும். கருப்பட்டியைக் கொஞ்சம் நீரில் கரைத்து, மண் தூசி போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சவேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஏலக்காய், சுக்குப் பொடியோடு சேர்த்துக் கிளறி, சூடு ஆறுவதற்குமுன் சிறு நெல்லிக்காய் அளவில் உருண்டைகளாகப் பிடிக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாகு ஆறிவிட்டால் மாவு உதிரும், உருண்டை நிற்காது. ஆகவே ஒருவர் தனியாக உட்கார்ந்து பெரிய அளவில் முந்திரிக்கொத்துச் செய்வது கடினம். ஒருவர் கிளற, நான்கைந்து பேர் சுற்றிலும் அமர்ந்து, உள்ளங்கை சுட்டாலும் பொறுத்துக்கொண்டு விரைவாகப் பிடிக்கவேண்டும். உருண்டைகளைச் சில மணி நேரம் ஆறவிட்டால் அவை இறுகிவிடும். ஊறவைத்த பச்சரிசியை மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தோசைமாவினும் சற்றுக் கெட்டியாக அரைத்து, மூன்று மூன்று உருண்டைகளாக அதில் தோய்த்து எண்ணெயில் இட்டு, மேல்மாவு மொறுமொறுப்பானதும் எடுத்துவிடலாம். அரிசிமாவு உறைபோல் மூடிக்கொள்வதாலும், உள்ளே ஈரம் இல்லாததாலும், தகர டப்பாவில் போட்டு மூடிவைத்தால் இரண்டு வாரமேனும் கெடாது. கிறிஸ்துமஸுக்குச் செய்தது புத்தாண்டு ஆராதனைக்குப்பின் வரும் விருந்தினருக்கும் இருக்கும்.

இதில் சேரும் பொருள்களைப் பாருங்கள். பயறும் எள்ளும் மானாவாரி நிலத்தில் விளைபவை. தேங்காய் நம் தோப்புகளில் விளைவது. ஏலக்காய் மேற்கு மலையில் விளைவது. கருப்பட்டியோ கிழக்கே தேரிக்காட்டுப் பனைகளிலிருந்து வருவது. கோடையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகைபட வைக்கப்பட்டு, மழைக்காலத்துப் பண்டிகைக்காகக் காத்திருக்கும். பனையேறி வாழ்ந்த எளிய மக்களே திருநெல்வேலித் திருச்சபையில் பெருந்திரளாய்ச் சேர்ந்தவர்கள். விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் எழுந்த முதலூர் அந்தத் தேரிப் பகுதியிலேயே இருக்கிறது. கருப்பட்டியின் இனிப்புக்குப் பின்னால் அம்மக்களின் உழைப்பும் கண்ணீரும் உண்டு.

தட்டும் இலையும்

இனி எங்கள் குடும்பக் கதைக்கு வருகிறேன். தென்காசிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்துச் செய்யும் பொறுப்பு என் தந்தையின் தாயாரான ஆச்சிக்கு உரியது. அக்காலத்தில் எங்கள் வீட்டில் வெல்லமே சேர்ப்பார்கள். கருப்பட்டி சேர்த்தால் நிறம் கறுத்துவிடும் என்பது ஆச்சியின் எண்ணம்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் தட்டுகளை நிரப்பும் வேலை தொடங்கும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என அடுக்கி, மேலே ஒரு துணியிட்டு மூடி, வீடு வீடாகக் கொண்டுசெல்லும் பணி எனக்கும் என் அக்காவுக்கும். எதிர்வீட்டு இந்துக் குடும்பத்திற்கு ஒரு தட்டு. கடைத்தெருவில் வாழ்ந்த இஸ்லாமியக் குடும்பத்திற்கு ஒரு தட்டு. பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு தட்டு. தட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்போம். நம் பக்கத்து வழக்கப்படி தட்டு வெறுமையாய்த் திரும்பாது. வீட்டில் வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத் தருவார்கள். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் அவ்வீடுகளிலிருந்து தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வரும். ஆச்சி அவற்றை மகிழ்ச்சியோடு வாங்கி, எங்களுக்குப் பங்கிட்டு, தாமும் உண்பார்.

ஊரின் கீழத்தெருவிலும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. எங்கள் சபையைச் சேர்ந்தவர்களே. அதே ஆலயத்தில், அதே குருவானவரிடம், நாங்கள் முழங்கால்படியிட்ட அதே கிராதியருகே நற்கருணை பெற்றவர்கள். அவர்களுக்கும் ஆச்சி பலகாரம் கொடுத்தனுப்புவார். ஆனால் தட்டில் அன்று. வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி. ஒருமுறை, தட்டு மீதம் இருக்கும்போது இலை எதற்கு என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். "ஏல, அவங்களுக்கு இலையில போதும். குடுத்துட்டு நிக்காம வந்துரு" என்றார்.

அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. தட்டு சென்றால் தட்டு திரும்பவேண்டும். திரும்பும்போது அதில் அவர்கள் வீட்டுப் பண்டம் ஏதேனும் இருக்கும். அதை நாங்கள் உண்ணவேண்டியிருக்கும். இலையில் சென்றால் எதுவும் திரும்பி வராது. ஆச்சி கஞ்சத்தனம் உள்ளவர் அல்லர். இலைப் பொட்டலத்தில் இருந்த முந்திரிக்கொத்து தட்டில் இருந்ததைவிட எண்ணிக்கையில் அதிகமாகவே இருந்தது. பசித்து வந்தவர்களுக்கு அவர் சோறிட மறுத்ததை நான் கண்டதில்லை. கொடுப்பதற்கு அவருக்குத் தடையே இல்லை. வாங்கி உண்பதற்குத்தான் சாதி தடையாய் நின்றது.

பந்தியின் வரலாறு

அன்பானவர்களே, ஆச்சியை மட்டும் குற்றவாளியாக்கி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கையில் இருந்த அந்த வாழையிலைக்கு நீண்ட வரலாறு உண்டு.

நம் திருச்சபையின் தொடக்கத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். தஞ்சையிலிருந்து வந்த குளோரிந்தா அம்மையார் 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் சுமார் 40 பேரின் பெயர்கள் இருந்தன. அவர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். பெயர்கள் ஒரே ஏட்டில் சேர்ந்தன. ஆனால் ஒரே பந்தியில் அமர்வது அத்தனை எளிதாய் இருக்கவில்லை.

ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊழியம் தொடங்கியபோது, உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் மாணவர் அனைவரும் சாதி வேறுபாடின்றிச் சேர்ந்து உண்ணவேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்கு எதிர்ப்பு எழுந்தது. வேதத்தை ஒன்றாய் அமர்ந்து கற்கச் சம்மதித்தவர்களில் சிலருக்கு, ஒன்றாய் அமர்ந்து உண்ண மனம் வரவில்லை. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிக்கப்படவேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். அதனால் தஞ்சைச் சபையில் பெரும் பிளவு உண்டாயிற்று. 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷனார், தங்கள் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பொதுவான அன்பின் விருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். உபதேசியார்கள் பலர் தங்கள் பணியை விட்டுப் போனார்களேயன்றி அந்த விருந்தில் அமரவில்லை.

இவ்வரலாற்றை நான் இறையியல் கல்லூரியில் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் சோதனை உபதேசத்தைப் பற்றியதாய் இருக்கவில்லை. திரியேகத்தைக் குறித்தோ மீட்பைக் குறித்தோ அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பிடி சோற்றிலேயே சோதனை வந்தது.

மிஷனரிமாரையும் நாம் முழுமையாக நியாயப்படுத்திவிட முடியாது. சாதியைக் கண்டித்த ஐரோப்பியர் பலர், தங்கள் சொந்த மேசையில் இந்திய ஊழியரைச் சமமாய் அமர்த்தத் தயங்கினார்கள். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்னும் பேறு பெற்றவர். அவர் 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, மேல்நாட்டுத் திருச்சபைகள் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறிவிட்டு, எங்களுக்கு இன்னும் தேவைப்படுவது நட்பு என்று பொருள்படக் கேட்டுக்கொண்டார். இரங்கிக் கொடுக்கும் அன்பு வேறு, சமமாய் அமரும் நட்பு வேறு என்பதை அவர் அந்தப் பேரவையின்முன் எடுத்துரைத்தார்.

நம் ஊர் மொழியில் சொன்னால், இலையில் கொடுப்பது வேறு, தட்டில் கொடுப்பது வேறு.

திரும்பி வந்த தட்டு

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த ஆண்டு. ஆச்சிக்குக் கைநடுக்கம் வந்துவிட்டதால் பண்டிகை வேலையை என் தாயார் ஏற்றார். அம்மா அதிகம் பேசுகிறவர் அல்லர். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலையில் தட்டுகளை அடுக்கும்போது வழக்கத்தைவிட ஒரு தட்டு அதிகமாய் இருந்ததை நான் கவனித்தேன். அம்மா அதை மூடி என் கையில் கொடுத்து, கீழத்தெருவில் ஒரு வீட்டைக் குறிப்பிட்டு, "தட்டை வாங்கிட்டுத்தான் வரணும்" என்றார்.

அந்த வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். நான் தட்டை நீட்டியபோது அவர் உடனே வாங்கவில்லை. என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். அவ்வளவு காலமும் அந்த வாசற்படியை நான் தாண்டியதில்லை. சற்று நேரம் சென்று தட்டு வந்தது. அதில் அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்து இருந்தது. எங்களுடையதைவிடக் கறுத்திருந்தது, கருப்பட்டி சேர்த்துச் செய்தது. சுக்கின் வாசனை தூக்கலாய் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் உறவினர் சிலர் அமர்ந்திருந்தார்கள். அம்மா தட்டை அடுக்களைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அங்கேயே நின்று ஒன்றை எடுத்துப் பாதியை என் வாயில் இட்டு, மீதியைத் தாம் உண்டார். பிறகு தட்டை அனைவர்முன்பும் வைத்தார். இருவர் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து போனார். ஆச்சி அன்று அதைத் தொடவில்லை. பிறகும் அவர் தொட்டதாய் எனக்கு நினைவில்லை. அம்மா அதுபற்றி ஆச்சியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த ஆண்டும் தட்டை அனுப்பினார். அதற்கடுத்த ஆண்டில், உருண்டை பிடிக்க அந்தப் பெரியம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்தார். அவர் வந்தார். அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கருப்பட்டிப் பாகு காய்ச்சப்பட்டது.

ஆகவே, சகோதரிகளே, நீங்கள் கேட்டது எங்கள் வீட்டுப் பக்குவம் அன்று. அது கீழத்தெருப் பெரியம்மாவின் பக்குவம். எங்கள் குடும்பம் ஏறத்தாழ ஒரு தலைமுறை உண்ண மறுத்த உணவையே இன்று நீங்கள் எங்கள் குடும்பத்தின் சிறப்பு என்று பாராட்டுகிறீர்கள். பாராட்டை எங்கள் பெயரில் வைத்துக்கொள்வது களவாகும்.

வேதம் நம்மிடம் கேட்பது

கலாத்தியர் நிருபத்தில் பவுல் சொல்லும் அந்தியோகியாச் சம்பவம் நம் ஊரில் நடந்ததுபோலவே இருக்கிறது. புறஜாதியாரோடு உண்டு பழகிய பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியைவிட்டு விலகினார். அவரைக் கண்டு பர்னபாவும் இழுப்புண்டார். பேதுரு தம் விசுவாச அறிக்கையில் எதையும் மாற்றவில்லை. உண்ணும் இடத்தை மட்டுமே மாற்றினார். ஆயினும் பவுல் அதைச் சிறிய காரியம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஏற்ற நடையன்று அது என்று கண்டு, எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்தார். திண்ணையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அஞ்சும் அச்சம் அப்போஸ்தலருக்கும் இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்கும்.

நெகேமியா 8ஆம் அதிகாரத்திலோ, நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுத மக்களிடம், அழவேண்டாம், போய்க் கொழுமையானதை உண்டு மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. நம் கிறிஸ்துமஸ் தட்டுக்கு இதைவிடச் சிறந்த வேதச் சான்று இல்லை. ஆயினும் நம் ஆண்டவர் அதையும் கடந்து ஒரு படி சென்றார். அவர் பங்குகளை அனுப்பியதோடு நிற்கவில்லை. சகேயுவின் வீட்டுக்குத் தாமே சென்றார். சமாரியப் பெண்ணிடம் தாகத்திற்குத் தண்ணீர் கேட்டார். யாருடைய கையிலிருந்து யூதர் எதையும் வாங்கார்களோ, அவள் கையிலிருந்து வாங்கச் சித்தமானார். மகிமையின் தேவன் பெத்லகேமில் ஒரு குழந்தையாய் வந்தார் என்பதன் பொருளும் இதுவே. குழந்தை கொடுப்பதற்கு வருவதில்லை. முதலில் பிறர் கையிலிருந்து பெறுவதற்கே வருகிறது.

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி ஒரே நீரின்கீழ் நிற்கிறோம். அருகில் நிற்பவர் எந்தத் தெரு என்று அப்போது யாரும் கேட்பதில்லை. வீடு திரும்பி இலைபோட்டு அமரும்போது அந்தக் கேள்வி நம்மோடு வந்து அமர்ந்துகொள்கிறது. நம் சபையில் இன்று அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல நான் விரும்புகிறேன். ஆனால் எந்த வீட்டின் திருமண விருந்துக்குச் செல்கிறோம், எந்த வீட்டில் மொய் மட்டும் கொடுத்து உண்ணாமல் திரும்புகிறோம் என்பதை ஆயராகிய நான் காண்கிறேன். நீங்களும் அறிவீர்கள். ஆயனாகிய நானும் சில வீடுகளில் ஜெபித்துவிட்டு, அவசர வேலை என்று சொல்லி ஒரு வாய்த் தேநீரும் பருகாமல் எழுந்து வந்ததுண்டு. அது எப்போதும் வேலையினால் மட்டும் என்று தேவனுக்குமுன் என்னால் சொல்ல இயலாது.

இந்த ஆண்டு உங்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். இதுவரை நீங்கள் இலையில் கொடுத்துவந்த ஒரு வீடு இருக்குமானால், அல்லது கொடுத்திராத ஒரு வீடு இருக்குமானால், அவ்வீட்டிற்குத் தட்டில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் உறையிலும் அட்டைப்பெட்டியிலும் கொடுப்பது இக்காலத்தில் எளிது; திருப்பித் தரவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. ஆகவே திரும்பி வரவேண்டிய உங்கள் வீட்டுத் தட்டையே அனுப்புங்கள். அது என்ன சுமந்து வருகிறதோ அதை ஸ்தோத்திரத்தோடு, பிள்ளைகள் காண, உண்ணுங்கள். கூடுமானால் பாகு காய்ச்சும் நாளிலேயே அவ்வீட்டாரை அழையுங்கள். சூடு ஆறுமுன் பிடிக்கப் பல கைகள் வேண்டும்.

ஜெபிப்போம். எங்களுக்காக ஏழையாய்ப் பிறந்த ஆண்டவரே, எங்கள் முன்னோர் உம்மை ஏற்றுக்கொண்டும் தங்கள் சகோதரரை ஏற்றுக்கொள்ளாத நாட்களை மன்னியும். எங்களுக்குள் மறைந்திருக்கும் அதே மறுப்பை எங்களுக்குக் காட்டியருளும். கொடுக்கும் கைகளை எங்களுக்குத் தந்ததுபோல், வாங்கிக்கொள்ளும் தாழ்மையையும் தந்தருளும். கீழத்தெருவின் பெரியம்மாவுக்காகவும், என் தாயாருக்காகவும், ஆச்சிக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். அவர்கள் மூவரும் உம்முடைய பந்தியில் இன்று சேர்ந்து அமர்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு, இயேசு கிறிஸ்துவின் மூலமாய் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

ஆகமன கால வாழ்த்துகளுடன்,
உங்கள் குருவானவர்